வினைக்கு முன் நிற்கும் சொல்: அண்டிரிக் அடிகளார் வரலாறு

தலைமன்னார்க் கரையில் நின்று மேற்றிசை நோக்குவார் கருத்தை முதலில் ஈர்ப்பன இராமேசுவரத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடக்கும் மணற்றிட்டுகளே. அத்திட்டுகளின் இருபாலும் காலங்காலமாகத் தோணிகள் போயும் வந்தும் இருந்தன. 1914-ஆம் ஆண்டு முதல் தனுக்கோடிக்குக் கப்பல் ஓடிற்று. 1964-இல் எழுந்த பெரும்புயல் தனுக்கோடியை அழித்த பின்னும் அக்கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடி, 1984-இல் நின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்நீர்ப்பரப்பைக் காண்போர், பாயும் துடுப்புமே துணையாக அதனைக் கடந்தோரின் நெஞ்சுரத்தை வியவாதிரார்.

அவ்வாறு கடந்து இத்தீவுக்கு வந்த மேனாட்டார் பலர். வாளொடு வந்தோர் உளர். முத்தின்மேற் கண்வைத்து வந்தோரும் உளர். தமிழ் வினைச்சொற்களின் வாய்பாடுகளைத் தாமே வகுத்து எழுதிக் கற்று, அக்கல்வியோடு வந்தவர் ஒருவர் உளர். என்றிக்கே என்றிக்கசு என்பது போர்த்துக்கல் நாட்டில் அவர்க்கு இட்ட பெயர். தமிழர் நாவில் அஃது அண்டிரிக் அடிகளார் என்றாயிற்று. தமிழெழுத்தில் முதன்முதல் நூல் அச்சிடுவித்தவர் என்ற அளவில் அவரைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அவர் தமிழை எங்ஙனம் கற்றார் என்பதை அறிந்தோர் அத்துணைப் பேர் இலர்.

அவ்வரலாற்றை இப்பொழுது எடுத்து ஓதுதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் முன்பு பயின்ற தலைமன்னார் இளைஞன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஒரு புத்தகத்தோடு வந்தான். கொரியா நாட்டிற் கூலி வேலைக்குச் செல்ல விழைவோர் அந்நாட்டு மொழியில் ஒரு பரீட்சையிற் சித்தியடைதல் வேண்டும். அதற்கென அவன் வாங்கிய புத்தகம் அது. அதனுள் ஆங்கிலத்தார் அட்வெர்ப் என்னும் சொல்வகை பற்றிய அதிகாரம் அவனுக்கு விளங்கவில்லை. தமிழில் அதற்குப் பெயர் யாது என்று கேட்டான். முப்பதாண்டு நன்னூல் நடத்திய மிடுக்கில் யான் சற்றும் ஆராயாது வினையெச்சம் என்று கூறிவிட்டேன். அவனும் அதனை அப்படியே எழுதிக்கொண்டு போனான்.

மறுநாட் காலையில் மீண்டும் வந்தான். அவன் புத்தகத்தில் அவ்வகைச் சொற்களாகக் கண்டவற்றுள் நேற்று, அங்கே என்னும் பொருள் தரும் சொற்களும் இருந்தன. நேற்று என்பது எவ்வினையின் எச்சம் என்று பணிவோடு வினவினான். யான் விடையின்றி நின்றேன். உண்மை யாதெனின், நம் முன்னோர் சொல்லை நான்காகப் பகுத்தனர். பெயர், வினை, இடை, உரி என்னும் அந்நான்கனுள் இலத்தீன் இலக்கணத்தார் தனிப்பிரிவாகக் கொண்ட அச்சொல்வகைக்குத் தனியிடம் இல்லை. வினையடை என்னும் பெயர் பிற்காலத்தார் ஆக்கிக்கொண்டது. பிற மொழியைத் தமிழ்வழிக் கற்பவனுக்கு ஏற்பட்ட இவ்விடர், தமிழைப் பிற மொழிவழிக் கற்க வந்தவர்க்கும் ஏற்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? அவ்வெண்ணமே என்னை அடிகளாரிடம் கொண்டு சென்றது.

அடிகளார் 1520-ஆம் ஆண்டிற் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்தவர். அவர் முன்னோர் யூத குலத்தார். அக்குலத்திலிருந்து கிறித்தவம் தழுவியோர்க்கு அந்நாட்டில் அக்காலத்து இருந்த இழிவு சொல்லுந்தரத்தது அன்று. இளமையிற் பிரான்சிசுக சபையிற் சேர்ந்தார். பிறப்பைக் காரணம் காட்டி அங்கிருந்து நீக்கப்பட்டார். பின் கோயிம்பிரா நகரிற் கற்றுக்கொண்டிருக்கையில், 1545-இல், புதிதாகத் தோன்றியிருந்த சேசு சபை அவரை ஏற்றது. அடுத்த ஆண்டே இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். தம் நாட்டில் ஓர் அவையினின்று புறந்தள்ளப்பட்ட அவர், பின்னர் ஐம்பத்து மூன்றாண்டு வேற்று மக்களிடையே அவர்தம் மொழியைத் தம்மொழியாக்கி வாழ்ந்தார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவேயில்லை.

முத்துக்குளித்துறைப் பரதவர் அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னரே கிறித்தவம் தழுவியிருந்தனர். 1542-இல் அங்கு வந்த சவேரியார் சில மன்றாட்டுகளைத் துணைவர் வாயிலாகத் தமிழாக்கி, மனனஞ் செய்து, ஊரூராய்ச் சென்று ஓதுவித்தார். மொழி கல்லாது மனனத்தால் ஆகிய அவ்வோதலிற் பிழைகள் மலிந்திருந்தன. அடிகளாரும் முதலில் மொழிபெயர்ப்பாளன் ஒருவனையே நம்பியிருந்தார். தாம் சொல்வது ஒன்றாகவும் மக்கள் செவிக்குச் செல்வது வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்னும் ஐயம் அவரை வாட்டியது. பாவத்தைக் கேட்டு மன்னிப்பு வழங்குபவர்க்கும் பிணியாளன் படுக்கையருகில் அமர்பவர்க்கும் இடையில் நின்று பேசுவோன் ஒருவன் வேண்டும் என்பது எத்துணை இடர்! ஒரு சொல் பிறழ்ந்தால் ஓர் உள்ளம் பிறழும். கொரியாவுக்குச் செல்லும் இளைஞனுக்கும் அதுவே. எந்திரத்தின் முன் நின்று கங்காணி சொல்வதைத் தவறாக விளங்கினால் இழப்பது விரலாயிருக்கலாம்.

எனவே அடிகளார் பிற வேலைகளைக் குறைத்து ஏறக்குறைய ஆறு திங்கள் தமிழ்க் கல்வியில் ஆழ்ந்தார். 1548-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் வேம்பாற்றிலிருந்து உரோமையில் இருந்த சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு அவர் விடுத்த கடிதத்தில் அக்கல்வியின் முறை கூறப்படுகின்றது. இலத்தீன் கற்றபோது வினைகளைத் திரித்துப் பழகியது போலவே தமிழ் வினைகளையும் தாமே திரித்துப் பட்டியல் எழுதினார். இறந்தகாலம், எதிர்காலம் முதலியவற்றை ஒழுங்குபடுத்தப் பெரிதும் உழைத்தார். வேற்றுமைகளைத் தனித்தனி கண்டறிந்தார். தொடரில் எச்சொல் முன் வரும், எச்சொல் பின் வரும் என்பதைக் கற்பதிலும் கருத்தூன்றினார்.

இறுதியிற் சொன்ன செய்தியை யான் பலமுறை படித்தும் முன்னர் அதன் அருமையை உணர்ந்திலேன். போர்த்துக்கீசத்தில் ஒருவனை விரைந்து வரச் சொல்வார் முதலில் வா என்னும் வினையைச் சொல்லிப் பின்னரே விரைவைச் சொல்லுதல் பெருவழக்கு. தமிழிலோ விரைவு முன்னே செல்லும். வரவு பின்னே தொடரும். கெதியாய் வா என்று நம் தீவில் தாய்மார் பிள்ளைகளை அழைப்பர். செயல் இன்னதென்று கேட்போன் அறிவதற்கு முன்பே அச்செயலின் தன்மை அவன் செவியைச் சேர்ந்துவிடுகின்றது. இறுதிச் சொல் வருந்துணையும் பொறுத்திருந்து கேட்டல் வேண்டும். வினையை முன்வைத்துப் பழகிய செவிக்கு இது பெருஞ்சோதனை.

இடமாறினாற் பொருள் மாறுவதும் உண்டு. நேற்று வந்த வள்ளத்தை விற்றார்கள் என்பதற்கும், வந்த வள்ளத்தை நேற்று விற்றார்கள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மீனவச் சிறுவனும் அறிவான். முன்னதில் நேற்று என்பது வரவைத் தழுவும். பின்னதில் விற்பனையைத் தழுவும். எழுதிய இலக்கணத்தைப் படித்து இதனை அவன் அறிந்தானல்லன். வயது வந்தபின் கற்போன் ஒவ்வொன்றையும் நின்று நோக்கி, எச்சொல் எவ்வினையைத் தழுவி நிற்கின்றது என்று தேடல் வேண்டும்.

அதனினும் பெரிய புதிர் ஒன்று அவரை எதிர்கொண்டிருக்கும். இலத்தீனில் அவ்வகைச் சொற்கள் தமக்கென உருவம் உடையன. தமிழிலோ வினையைச் சிறப்பிக்க வரும் சொற்கள் எங்கிருந்தெல்லாமோ வருகின்றன. விரைந்து, மறைந்து, திரும்ப, மெல்ல என்பன வினையின் வழிப்பட்டவை. மீண்டும் என நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லை உடைத்துப் பார்த்தால் மீளுதல் என்னும் வினை உள்ளே கிடக்கும். வடிவாய், கெதியாய், அழகாக என்பன பெயரோடு ஆதல் என்னும் வினையின் எச்சம் ஒட்டி வந்தவை. நனி, தவ என்பவற்றை மிகுதிப் பொருளனவாகத் தொல்காப்பியனார் உரியியலில் வைத்தார். நேற்றும் நாளையும் காலப்பெயர்கள். பளபள, சலசல என்பன இரட்டைக்கிளவி. பிரித்தாற் பொருள் தாரா. ஆகவே வினையைக் கற்காமல் வினையடையைக் கற்றல் தமிழில் இயலாது. வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியனார் ஒன்பதாக எடுத்தோதிய அக்கறையும் இதனாற் புலனாகும். யான் என் மாணாக்கனுக்குக் கூறிய விடை முழுப் பொய்யன்று, பாதி மெய் என்று இப்பொழுது தேறுதல் கொள்கின்றேன்.

அடிகளார்க்குத் தொல்காப்பியமோ நன்னூலோ கிட்டியதாகச் சான்றில்லை. அவர் கைக்கொண்ட கருவி இலத்தீன் இலக்கணமும், யோவான் தெ பாரோசு 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கீச இலக்கணமுமே. அவற்றின் சட்டத்தைத் தமிழின்மேல் வைத்துப் பார்த்தார். பொருந்தாத இடத்து மொழியை வெட்டாமல் மக்கள் பேச்சைச் செவிமடுத்து எழுதினார். 1549 அளவில் உருவாகிய அவ்விலக்கணம் மலபார் மொழிக் கலை என்னும் பொருள்படும் பெயருடையது. தமிழை அக்காலப் போர்த்துக்கீசர் மலபார் மொழி என்றே வழங்கினர். அதில் வினைச்சொற்களே மிகுதியான இடத்தைக் கவர்ந்துகொண்டன. கடற்கரை மக்களின் பேச்சு வழக்கே அதன் தமிழ். செந்தமிழ் வாணர் அதனைக் கண்டு முகஞ்சுளிப்பர். யானும் ஒரு காலத்துச் சுளித்தவனே. ஆயினும் நானூற்றைம்பது ஆண்டுகட்கு முன் நம் கடற்கரையார் எவ்வாறு பேசினர் என்பதற்கு நேரே செவியாற் கேட்டு எழுதிய சான்று அதனைப் போல் மிகச் சிலவே உள்ளன.

அவ்வாண்டில், 1549-இல், வேதாளையிற் பெருந்துன்பம் நேர்ந்தது. தலைமன்னார்க்கு எதிர்க்கரையில் மண்டபத்தை அடுத்துள்ள சிற்றூர் அது. முத்துக்குளித்துறைச் சபையாரின் தலைவராயிருந்த அந்தோனி கிரிமினாலி அங்கு நடந்த பூசலில் வேலாற் குத்துண்டு மாண்டார். எஞ்சிய துறவியர் கூடி அண்டிரிக் அடிகளாரைத் தலைவராகத் தேர்ந்தனர். உடல்வலி இல்லாதவர், குலம் பற்றி ஏளனத்துக்கு உள்ளானவர். அவரைத் தெரிந்தெடுத்ததற்கு அவர்தம் பண்போடு தமிழறிவும் காரணமாயிருந்திருக்கும் என்பது என் துணிபு. தலைவரான பின் அவர் தம்முடன் இருந்த துறவியர்க்கு ஒரு விதி வகுத்தார்: தமக்குள்ளும் தமிழிலேயே பேசுதல் வேண்டும், போர்த்துக்கீசம் பேசினோர் அதற்குத் தண்டனையாக நோன்பாற்றுதல் வேண்டும். இதனைப் படித்தபோது எனக்கு நகை வந்தது. வகுப்பறையில் வேற்றுமொழி பேசியமைக்குப் பிள்ளைகளுக்குத் தண்டம் விதித்த பாடசாலைகளை யான் அறிவேன். தம் மொழி பேசியமைக்குத் தம்மையே தண்டித்துக்கொண்ட ஆசிரியரை இவரிடத்தன்றிக் கண்டதில்லை.

புன்னைக்காயலில் அவர் எழுப்பிய மருத்துவமனையும் நடத்திய பள்ளியும் 1553-இல் அவ்வூர் தாக்குண்டபோது அவர் சிறைப்பட்டு மீண்டதும் விரித்தெழுதத் தக்கனவே. ஆயினும் நம் தீவுக்கு அவர் வந்ததைச் சொல்லப் புகுவோம்.

மன்னார் அப்பொழுது குருதி தோய்ந்த மண். 1544-இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் மன்னார்க் கிறித்தவர் பலர் கொல்லப்பட்டனர். 1560-இற் போர்த்துக்கீசத் தேசாதிபதி கொன்சுதந்தீனு தெ பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேற் படையெடுத்து, மீளும் வழியில் மன்னாரைக் கைக்கொண்டு அங்கே கோட்டை கோலினார். அக்காலத்து எதிர்க்கரையில் மதுரை நாயக்கர் படையின் நெருக்குதலுக்கு உள்ளான புன்னைக்காயற் பரதவரிற் பலர் போர்த்துக்கீசரோடு மன்னாருக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அடிகளாரும் உடன் வந்தார். 1561-இல் அவர் எழுதிய கடிதங்கள் மன்னாரிலிருந்து விடுக்கப்பட்டவை.

இன்றைய மன்னார் நகரிலிருந்து பேசாலை வழியாகத் தலைமன்னார்க்கு வருவார் இருமருங்கும் பனையும் உடைமுள்ளும் மணலும் காண்பர். நல்ல தண்ணீர் அருமை. ஆற்று முகத்திற் பிறந்து வளர்ந்தோர் இம்மணலில் வந்து இறங்கியபோது எத்துணை மருண்டிருப்பர்! வந்த சில ஆண்டுகளுள் நோயும் பரவிற்று. பலர் மாண்டனர், மற்றும் பலர் பழைய கரைக்கே திரும்பினர். பிணியாளர் படுக்கைதோறும் சென்ற அடிகளாருக்கு இடையில் நின்று மொழிபெயர்ப்போன் இப்பொழுது தேவைப்படவில்லை. எங்கே நோகின்றது, எப்படி நோகின்றது என்று நேரே கேட்கவும், சுருக்கென்றோ, விட்டுவிட்டோ, இடையறாதோ என்று வரும் மறுமொழியை நேரே உணரவும் அவரால் இயன்றது. பிணியாளன் வாயில் நோவு என்னும் வினை எல்லார்க்கும் ஒன்றே; மருந்து மாறுவது அதற்கு முன் நிற்கும் சொல்லால். அடிகளாரின் ஆறு திங்கள் உழைப்பு பயன்பட்ட இடம் இதுவெனவே யான் கொள்கின்றேன்.

பின்னர் அவர் மறுகரைக்கு மீண்டார். அடுத்த பதினைந்தாண்டில் நிகழ்ந்தது தமிழுலகம் நன்கறிந்ததே. 1554-இல் இலிசுபனில் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திற் பொறித்த நூலொன்று வெளிவந்திருந்தது. தமிழெழுத்திலேயே அச்சுக் கோத்த முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்தது. பதினாறே பக்கம். அதனை மொழிபெயர்ப்பதில் மனுவேல் தெ சான் பேதுரு என்னும் குருவும் அடிகளாருக்குத் துணைநின்றார். அடுத்த ஆண்டு கொச்சியிற் கிரிசித்தியானி வணக்கம். 1586-இல் அறுநூறு பக்கங்கட்கு மேற்பட்ட அடியார் வரலாறு. முதற் சிறு நூலுக்கும் அப்பெருநூலுக்கும் இடையே எட்டாண்டே கழிந்தன.

இவ்விடத்துக் கொரியாவை மீண்டும் நினைத்தல் பொருத்தமாகும். ஐரோப்பியர் வாயிலாக அச்சுக்கலை நம்மிடம் வந்தமையால் அஃது ஐரோப்பாவிலேயே தோன்றியதென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். குட்டன்பர்க்கின் விவிலியம் 1455 அளவினது. கொரியாவிலோ உலோக எழுத்துக்களைக் கோத்து அச்சிட்ட சிக்சி என்னும் பௌத்த நூல் 1377-ஆம் ஆண்டினது. அதன் படி பாரிசு நகரில் உளது. தம்பிரான் வணக்கத்துக்கு இருநூற்றோராண்டு முற்பட்டது அது. அந்நாட்டு மன்னர் செயோங்கு 1446-இல் தம் மக்களுக்கு அளித்த இருபத்தெட்டு எழுத்துக்களில் மெய்களின் அடிப்படை வடிவங்கள் நாவும் பல்லும் இதழும் மிடறும் ஒலிக்கும்போது கொள்ளும் நிலையைக் காட்டுவன. பிறப்பியல் படித்த நமக்கு அஃது அந்நியமாய்த் தோன்றாது.

மொழியின் அமைப்பும் அங்ஙனமே. கொரிய மொழியில் வினை இறுதியில் வரும். அதனைச் சிறப்பிக்கும் சொல் அதற்கு முன்னே வரும். அழகிய என்னும் பண்பை உணர்த்தும் சொல் அங்கே வினைபோலத் திரியும்; நம் குறிப்பு வினையை நினைவூட்டும். அதனோடு கெ என்னும் ஈறு சேர, யெப்புகெ, அழகாக என்றாகும். நம் ஆக என்பதன் தொழிலையே அவ்வீறு செய்கின்றது. பல்லி பல்லி என்றால் விரைந்து விரைந்து. வேலைத்தலத்தில் ஓயாது கேட்கும் சொல் அதுவே என்று அங்கிருந்து மீண்டோர் கூறுவர். நம் சுவரிற் சொல்லும் பல்லிக்கும் அதற்கும் உறவில்லை. பன்சக் பன்சக் என்பது பளபளத்தல். நன்றாக என்பதற்குச் சல் என்று புத்தகத்திற் கண்ட என் மாணாக்கன், இது நம் சால என்னும் உரிச்சொல்லே எனத் துள்ளினான். அவனை யான் அடக்கினேன். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது. ஓமர் அல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே எழுதினார். அமைப்பின் ஒப்புமையை அவர் தெளிவாகக் கண்டார். ஆயினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றன என்னும் கொள்கையை இன்றைய மொழிநூலார் பெரும்பாலும் ஏற்றிலர். கற்போனுக்கு அவ்வழக்கு வேண்டா. அமைப்பு ஒத்திருத்தலே அவனுக்குப் பெருந்துணை.

ஒவ்வாத இடங்களே கவனிக்கத்தக்கன. தமிழில் எதிர்மறை வினைக்குள்ளோ வினையின் பின்னோ நிற்கும். கொரிய மொழியில் அன், மொத் என்னும் இரு சிறு சொற்கள் வினைக்கு முன் வந்து அதனை மறுக்கும். அவையும் வினையடை வகையாகவே அவர்களாற் கொள்ளப்படுகின்றன. அன் கயோ என்றாற் போகவில்லை, போகமாட்டேன் என்பது போன்ற பொருள். மொத் என்பது முன் வரின் போக இயலாது என்பது பொருள். முன்னது மனம் பற்றியது. பின்னது இயலாமை பற்றியது. பாரம் தூக்க இயலாதவன் மொத் என்று சொல்லவேண்டிய இடத்து அன் என்று சொல்லிவிட்டால், அவன் வேலை செய்ய மறுத்தவனாகிவிடுவான். மன்றாட்டுகளிற் கண்ட பிழைகளை அடிகளார் ஒவ்வொன்றாகத் திருத்திய கதையை என் மாணாக்கனுக்குச் சொல்லி, இவ்விரு சொல்லையும் நூறுமுறை எழுதுவித்தேன். பழைய உபாத்தியாயர் முறைதான். அவன் முணுமுணுக்கவில்லை.

அடிகளார் தலைமைப் பொறுப்பினின்று நீங்கிய பின்னும் எழுதுவதை விட்டாரல்லர். எண்பது அகவையை எட்டும் நிலையில், 1600-ஆம் ஆண்டு பெப்ரவரி 6-ஆம் நாள் புன்னைக்காயலில் உயிர்நீத்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் பெற்றது. பரதவர் மட்டுமன்றி அயலூர் முசுலிம்களும் இந்துக்களும் அன்று துயர் காத்தனர் என்று அக்காலச் சபைக் குறிப்புகள் கூறும்.

அவர் அச்சிடுவித்த நூல்களை உலகம் மறந்தும் நினைந்தும் வந்தது. இலக்கணமோ அச்சேறவேயில்லை. 1716-இற் சீகன்பால்குவின் தமிழிலக்கணம் செருமனியில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1728-இல் முற்றுப்பெற்றது. இவர்களுக்கெல்லாம் முன்னோடியாகிய நூல் இலிசுபன் நூலகத்திற் கையெழுத்தாகவே உறங்கிற்று. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனில் தோன்றிய தனிநாயக அடிகள் ஐரோப்பிய நூலகங்களைத் துருவித் தமிழின் முதல் அச்சு நூல்களைப் பற்றி எழுதிய பின்னரே நம்மவர் கருத்து இத்துறையிற் பெரிதும் திரும்பியது. செருமானியரான ஆன்சு பெர்மெயர் 1982-இல் அவ்விலக்கணத்தைப் பதிப்பித்தார். சீன் ஐன் அம்மையாரும் வி. எசு. இராசம் அம்மையாரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் ஆர்வர்டு கீழைத்தேய நூல்வரிசையில் வெளிவந்தது. எழுதி நானூற்றறுபது ஆண்டு கடந்த பின்! நம் கலாசாலைகளில் இலக்கண வரலாறு பயில்வோர்க்கு இதன் பெயரையேனும் சொல்லுகின்றோமா என்று என்னைப்போன்ற ஆசிரியர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. யான் சொன்னதில்லை.

அவ்விளைஞன் பரீட்சையிற் சித்தியடைந்து சென்ற மாதம் புறப்பட்டான். தலைமன்னார் பியர்ப் புகையிரத நிலையத்தில் வழியனுப்பச் சென்றிருந்தேன். 2015-இல் மீண்டும் திறக்கப்பட்ட அத்தண்டவாளம் அந்நிலையத்தோடு முடிகின்றது, அதற்கப்பாற் கடல். அங்குப் போனவுடன் இன்றியமையாது வேண்டப்படும் ஒரு தொடரைச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டேன். சொன்சொனி மல்ஹே சுசெயோ என்றான். சொன்சொனி என்றால் மெல்ல. மல்ஹே என்றாற் சொல்லி. சுசெயோ என்றாற் தாருங்கள். சொல் மாறாமல், இடம் மாறாமல், மெல்லச் சொல்லித் தாருங்கள் என்னும் நம் தொடர். வண்டி நகர்ந்தபோதும் சன்னலோரத்தில் அவன் வாய் அதனையே உருப்போட்டுக்கொண்டிருந்தது.